பார்சல் வாங்குகிற மாப்பிள்ளை

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சேலத்தில் இருந்திருக்க வேண்டிய கௌசிக், எட்டேகாலுக்கு நாமக்கல்லுக்கு வெளியே, நண்பன் சபரிநாதன் வீட்டுக் கோழிப்பண்ணை கேட்டருகே வெறும் வயிற்றோடு நின்றுகொண்டிருந்தான். வெறும் வயிறு தற்செயல் அல்ல, திட்டம். முந்தின நாள் மாலையிலிருந்தே சாப்பாட்டைக் குறைத்துவிட்டான். பையனுக்குக் காதல் தோல்வியோ என்று பயந்துபோன அவன் அம்மா, ரசத்தில் மிளகைக் கூட்டிப் போட்டுப் பார்த்தார்.

சட்டைப் பையில் ஒரு பட்டியல் இருந்தது. சேலத்தில் எந்தப் பேட்டையில், எந்தக் கடையில், எத்தனை மணிக்கு என்ன தின்பது என்று பதினோரு கடைகள். இன்ஸ்டாவில் ‘கௌசிக் தின்கிறான்’ என்று ஒரு பக்கம் நடத்துகிறான். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பின்தொடர்கிறார்கள். அதில் அவன் அம்மா மட்டும் இரண்டு பேர்.

கார் கிடைக்கவில்லை. சபரியின் அப்பா சின்னண்ணன் காரைக் கழுவித் துடைத்து, துணி போட்டு மூடி, பக்கத்தில் யாரும் தும்மாதபடி பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வீட்டுக்கு ஆள் வருகிறது. ஆகவே பயணம் முட்டை ஏற்றுகிற குட்டியானை என்கிற சின்ன லாரியில்.

சபரி வண்டியை எடுப்பதற்குள் அவன் அக்கா சௌந்தர்யா வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். தீவன லேப்பில் வேலை பார்க்கிறவள். கோழித் தீவன மூட்டைகளில் குத்தூசி போட்டு எடுத்து, இது நல்லது, இது பூசணம் என்று சொல்வது அவள் தொழில். அந்தப் பார்வையை அவள் மனிதர்களிடமும் மாற்றிக்கொள்வதில்லை.

“கௌசிக்கு, நீயும் போறியா? நல்லதாப் போச்சு. இவன் ஒருத்தனை நம்பி அனுப்பறதுக்கு ஒரே ரோசனையா இருந்துச்சு.”

“அக்கா, நாங்க சும்மா சாப்புடத்தானுங்க போறோம்.”

“அதேதான். சாப்புட்டுக்கிட்டே விசாரிக்கணும்.”

கௌசிக் சபரியைப் பார்த்தான். சபரி ஸ்டியரிங்கைப் பார்த்தான். ஒன்றரை மாதமாகத் திட்டமிட்ட ஊர்சுற்றலில் யாரோ ஏறி உட்கார்ந்துவிட்டார்கள் என்பது கௌசிக்குக்குப் புரிந்தது.

விஷயம் இதுதான். மறுநாள் காலை பத்தரைக்குச் சூரமங்கலத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை பெயர் இளஞ்செழியன். ரயில்வேயில் வேலை. இன்று மாலை ஏழு மணிக்குள் சின்னண்ணன் அவர்களுக்குப் போன் போட்டு, ஒன்று “வாங்க” என்று சொல்ல வேண்டும், அல்லது “இன்னொரு நாளைக்குப் பாக்கலாங்க” என்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் “வாங்க” என்றால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. “இன்னொரு நாள்” என்றால் அந்த நாள் எந்தக் காலண்டரிலும் இல்லை.

“பெரியமாமா போயி விசாரிச்சுட்டு வந்தாருங்களே. தங்கமான பையன்னு சொன்னாரே” என்றான் சபரி.

“அவரு இதுவரைக்கும் விசாரிச்ச நாலு பேருமே தங்கம்தான்டா. சுத்துப்பட்டுல அவ்வளவு தங்கம் இருந்தா நாம எதுக்குக் கோழி வளக்கறோம்?” சௌந்தர்யா குரலைத் தாழ்த்தினாள். “சம்பளம், சாதகம், தோட்டம் எல்லாம் பெரியவங்க பாத்துக்குவாங்க. நீங்க ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கிட்டு வாங்க. அந்தாளு கடையில சாப்புட்டா ஊட்டுக்குப் பார்சல் வாங்குவானா, மாட்டானா?”

காருக்கு அந்தப் பக்கம் சின்னண்ணன் இருமினார்.

அவருக்கு இருமக் காரணம் உண்டு. இருபத்தியேழு வருடமாகச் செவ்வாய்க்கிழமை தோறும் கோழி மருந்து வாங்கச் சேலம் போகிறார். போனால் சாப்பிடாமல் திரும்புவதில்லை. வந்ததும் நாற்காலியில் சாய்ந்து, இன்றைக்கு எசன்ஸ் தோசை எப்படி இருந்தது, தட்டுவடை எப்படி நொறுங்கியது என்று மனைவி பாப்பாயியிடமும் மகளிடமும் விவரிப்பார். விவரிப்பதில் மட்டும் அவர் கஞ்சத்தனம் காட்டியதே இல்லை. சிறுமியாக இருக்கும்போதே சௌந்தர்யா அப்பாவின் கையை மோந்து பார்த்து, கடையின் பேரைச் சொல்லிவிடுவாள். பார்சல் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. கேட்டால், “பார்சல்ல அந்த ருசி வராது சாமி” என்பார். வருமா வராதா என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அந்த வீட்டுப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை.

“ஒரு கடையில கேட்டுட்டு ஓடியாந்துராதீங்க” என்றாள் சௌந்தர்யா. “மூட்டைல மேல, நடுவுல, அடியில மூணு எடத்துல சாம்பிள் எடுத்தாத்தான் ரிசல்ட்டு. சூரமங்கலம், செவ்வாப்பேட்டை, அம்மாபேட்டை. மூணுலயும் சாப்புட்டு மூணுலயும் கேக்கணும்.”

பதினோரு கடைகள் மூன்றாகச் சுருங்கியது கௌசிக்கின் வாழ்க்கையில் பெரிய இழப்பு. ஆனால் மூன்றுமே பட்டியலில் இருந்த இடங்கள் என்பதால் அவன் மனதைத் தேற்றிக்கொண்டான்.

சபரிக்கு லைசென்ஸ் கொடுத்தது அரசாங்கம். ஓட்டக் கற்றுக்கொடுத்தது முட்டை. நாற்பதுக்கு மேல் போக மாட்டான். வேகத்தடை கண்ணில் பட்டதும் நூறடிக்கு முன்பே கியரைக் குறைத்து, மூச்சை அடக்கி, முன்சக்கரத்தை மேலே ஏற்றி, ஒரு கணம் யோசித்துவிட்டு இறக்குவான். பிறகு பின்சக்கரத்துக்கும் அதே மரியாதை.

“டேய், பின்னாடி வெறும் அட்டைதான்டா இருக்குது. ஒரு முட்டைகூட இல்ல.”

“எனக்குத் தெரியுது மாப்ள. காலு கேக்க மாட்டேங்குது.”

புதுச்சத்திரத்தில் ஒரு டிராக்டர் அவர்களை முந்தியது. மல்லூர் அருகே ஒரு சைக்கிள்காரர் சற்று நேரம் கூடவே வந்து, சலித்துப்போய், முன்னே போனார். சூரமங்கலம் வந்து சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். கௌசிக்கின் வயிறு பேசுவதை நிறுத்தி மௌன விரதம் தொடங்கியிருந்தது.

மாப்பிள்ளையை விசாரிக்க இந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனை டீக்கடைக்குப் போக வேண்டும். வந்த காரியத்தைச் சொல்லவே கூடாது. பஸ்ஸைத் தவறவிட்டவர் போலவோ, இடம் பார்க்க வந்தவர் போலவோ நின்று, டீ குடித்து, மழையைப் பற்றிப் பேசி, மெதுவாக உள்ளே நுழைய வேண்டும். இந்த முறையில் ஒரே ஒரு குறைதான். டீக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

ரயில்வே குடியிருப்பு ஓரத்தில் பூபதி என்பவர் நடத்திய டீக்கடையில் இருவரும் ஆளுக்கு இரண்டு வெங்காய பஜ்ஜியும் டீயும் வாங்கிக்கொண்டார்கள். சபரி தெருவைப் பார்த்தபடி, “மழை வர்ற மாதிரி இருக்குதுங்ணா” என்றான். வெயில் மண்டையைப் பிளந்தது.

“பொண்ணு வீடா?” என்றார் பூபதி.

“இல்லீங்ணா, நாங்க சும்மா சாப்பாட்டு டூரு…” என்று இழுத்தான் கௌசிக்.

“எந்தப் பையனுக்கு? நம்ம தெருவுல இப்ப மூணு பேருக்குப் பாத்துக்கிட்டிருக்காங்க.”

சபரி அப்போதே உடைந்தான். “இளஞ்செழியன்ங்ணா.”

“தங்கமான பையன்.”

“மத்த ரெண்டு பேருங்ணா?” என்று கேட்டான் கௌசிக், ஆராய்ச்சி ஆர்வத்தில்.

“அவங்களும் தங்கம்தான்.”

பெரியமாமா எங்கே டீ குடித்தார் என்பது விளங்கிவிட்டது. சபரி தொண்டையைக் கனைத்தான். “அதில்லீங்ணா. அவரு கடையில சாப்புட்டா ஊட்டுக்குப் பார்சல் வாங்குவாருங்களா?”

ஆற்றிக்கொண்டிருந்த டீ பூபதியின் கையில் அந்தரத்தில் நின்றது. “பதினெட்டு வருசமா கடை வச்சிருக்கேன் தம்பி. குடிப்பானான்னு கேட்டிருக்காங்க. கோவக்காரனான்னு கேட்டிருக்காங்க. ஒருத்தரு, தூக்கத்துல நடப்பானான்னுகூடக் கேட்டாரு. இதை யாருமே கேக்கல.” அவர் கண்ணை மூடி யோசித்தார். தொழில் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு கேள்விக்கு உண்மையான பதிலைத் தேடுகிற முகம் அது. “வாங்குவான். சனிக்கிழமையானா டவுனுக்குள்ளேருந்து ரெண்டு பார்சல். ஒண்ணு ஸ்கூட்டர் கைப்பிடியில தொங்கும். இன்னொண்ணு…”

“இன்னொண்ணு?”

“சீட்டுக்கு அடியில. ஒருநாள் சீட்டைத் தூக்கறப்ப நான் பாத்துட்டேன். படக்குன்னு மூடிட்டு, ‘அண்ணே, யாருகிட்டயும் சொல்லிராதீங்க’ன்னான்.”

“சொல்லலீங்களே?”

“நான் எதுக்குச் சொல்றேன்? இப்ப உங்ககிட்டதான்.”

செவ்வாய்ப்பேட்டைக்குப் போகிற வழியெல்லாம் சபரி முன்னால் போன ஸ்கூட்டர்களின் சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். மண்டித் தெருவில் ஒரு பக்கம் லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது, மறுபக்கம் தள்ளுவண்டிகள், நடுவில் ஒரு பசு தீர்மானமாக உட்கார்ந்திருந்தது. கார் நுழைய முடியாத சந்து. ஆனால் குட்டியானையின் பக்கவாட்டில் முட்டைப் படத்தைப் பார்த்ததும் ஒரு மூட்டைத் தொழிலாளி, “முட்டை! முட்டை! வழி விடு!” என்று குரல் கொடுத்தார். தெருவே ஒதுங்கியது. பசுகூட எழுந்தது. காலி அட்டைகளோடு ஓர் அமைச்சரைப் போல அவர்கள் உள்ளே போனார்கள்.

கறிக்குழம்பின் கெட்டிச் சாற்றைத் தோசை மேல் ஊற்றி, கல்லிலேயே திருப்பிப் போட்டுத் தருவதுதான் எசன்ஸ் தோசை. முதல் வாயில் கௌசிக்குக்குக் கண் கலங்கியது. காலையிலிருந்து அவன் வாழ்ந்தது இதற்குத்தான். போட்டோ எடுக்க நினைத்தபோது தட்டு காலியாக இருந்தது. காலித் தட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டான்.

தோசை மாஸ்டர் பேசாத மனிதர். இளஞ்செழியனின் போட்டோவை சபரி போனில் காட்டினான்.

“வருவாரு. ஒரு சனி விட்டு ஒரு சனி.”

“பார்சலுங்ணா?”

“ரெண்டு. ஒண்ணு மஞ்சப் பை. ஒண்ணு கறுப்பு கவரு.”

“மஞ்சப் பை யாருக்குங்ணா?”

“வீட்டுக்குன்னாரு.”

“கறுப்பு?”

மாஸ்டர் ஒரு தோசையைத் திருப்பினார். இன்னொன்றையும் திருப்பினார். “கேட்டதில்ல. ஆனா அதை வாங்கறப்ப சுத்திமுத்திப் பாப்பாரு.”

சபரியின் முகம் கருத்துவிட்டது. “போச்சு மாப்ள. இன்னொரு ஊடு இருக்குது.” சொல்லிவிட்டு மூன்றாவது தோசைக்குச் சொன்னான். துக்கத்தில் தின்பது உடம்பில் சேராது என்பது அவன் நம்பிக்கை. “மஞ்சப் பை நம்மக்காளுக்கு, கறுப்புக் கவரு அவளுக்கு. அந்தாளு சீட்டுக்கடியில ஒரு குடும்பமே வச்சிருக்கான்டா. நான் இப்பவே அக்காளுக்குப் போனைப் போட்டு வேண்டாம்னு சொல்லிர்றேன்.”

“பொறு” என்றான் கௌசிக். “அக்கா மூணு சாம்பிள் சொன்னாங்க. அடி மூட்டை இன்னும் பாக்கல. ரெண்டை வச்சு ரிசல்ட்டு சொன்னா தப்பாயிரும்.”

இதில் பாதி நியாயம். மீதிப் பாதி, அம்மாபேட்டைத் தட்டுவடை செட் நான்கு மணிக்குத்தான் போடுவார்கள் என்பது. எது எந்தப் பாதி என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

அம்மாபேட்டையில் தறிச் சத்தம் கேட்கிற ஒரு தெருவில் அமுதவல்லியின் தள்ளுவண்டி நின்றது. ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய தட்டுவடை. அதன் மேல் சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி. துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து அமுக்கினால் ஒரு செட். உடனே வாயில் போட வேண்டும். போடாவிட்டால் நமுத்துப்போகும்.

இவர்கள் விசாரிக்க ஆரம்பிப்பதற்குள் அமுதவல்லி விசாரித்து முடித்துவிட்டார். எந்த ஊர், யார் பிள்ளைகள், என்ன படிக்கிறீர்கள், எத்தனை அரியர், முட்டை வண்டியில் ஏன் வந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே ஆறு செட் வைத்தார். ஏழாவது செட் வைக்கும்போது சபரி கறுப்புக் கவர் வரைக்கும் எல்லாவற்றையும் கக்கியிருந்தான்.

“ஓ, செழியனா!” என்றார் அமுதவல்லி. “அந்தக் கறுப்பு கவரு யாருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா சொல்ல மாட்டேன். என்னை நம்பிச் சொன்ன புள்ள.”

“அக்கா, எங்கக்கா வாழ்க்கைங்க.”

“அவனே வர்ற நேரந்தான். கேட்டுக்கோ.”

ஓடலாமா என்று சபரி யோசிப்பதற்குள் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கொஞ்சம் தொப்பை, அயர்ன் செய்த சட்டை, ஹெல்மெட். இறங்கியவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். போட்டோவில் பார்த்த அதே முகம்.

“ஏம்ப்பா செழியா, உன்னை விசாரிக்க நாமக்கல்லேருந்து ஆளு வந்திருக்காங்க” என்றார் அமுதவல்லி, தெருவுக்கே கேட்கும்படி. “இந்தத் தம்பி பொண்ணோட கூடப்பொறந்தவனாம். ரெண்டாவது பார்சல் யாருக்குன்னு தெரியணுமாம். நீயே சொல்லிரு.”

இளஞ்செழியன் ஒரு நிமிடம் யோசித்து, ஹெல்மெட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டான். அதனால் பயனில்லை என்று தெரிந்ததும் மறுபடி கழற்றினான்.

“ஒண்ணு எங்கம்மாவுக்குங்க. ஒண்ணு எங்கப்பாவுக்கு.”

“அதை எதுக்குங்க சீட்டுக்கடியில ஒளிக்கறீங்க?” சபரியின் குரலில் இன்னும் போலீஸ் இருந்தது.

“அப்பாவுக்குச் சுகர், அம்மாவுக்கு பிரசருங்க. வெளித் தீனியே ஆகாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஒருத்தரை ஒருத்தரு அவ்வளவு காவல். ஒருநாள் அம்மா தனியாக் கூப்பிட்டு, ‘உங்கப்பாவுக்குத் தெரியாம எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வா சாமி’ன்னாங்க. மறுவாரம் அப்பா கூப்பிட்டு அதையே சொன்னாரு. கைப்பிடியில தொங்கறது எனக்குன்னு சொல்லி உள்ள கொண்டுபோயி அம்மாகிட்டக் குடுத்துருவேன். சீட்டுக்கடியில இருக்கறதை அப்பா வந்து எடுத்துக்குவாரு. அம்மா சமையல்கட்டுல, அப்பா மாடிப்படிக்கு அடியில.”

“உடம்புக்கு ஒண்ணும் பண்ணலீங்களா?” என்றான் கௌசிக்.

“வாரத்துக்கு ஒண்ணு பரவால்லன்னு டாக்டரு அப்புறமாச் சொல்லிட்டாருங்க. அது எனக்கு மட்டுந்தான் தெரியும். சொன்னா ருசி போயிருமேன்னு சொல்லல.”

“ஒருத்தருக்கொருத்தரு கண்டுபிடிக்கலீங்களா?”

“எங்கிருந்துங்க? ரெண்டு பேரும் சாப்புட்டுட்டு வந்து பக்கத்துல பக்கத்துல உக்காந்து டிவி பாப்பாங்க. ரெண்டு பேரு மேலயும் பூண்டு வாசம். அதனால ரெண்டு பேருக்குமே தெரியல.”

சபரியின் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அந்த இடத்தில் இன்னும் இரண்டு செட் ஏறியது.

இளஞ்செழியன் ஹெல்மெட்டைக் கையில் உருட்டிக்கொண்டு தயங்கினான். “ஏனுங்க, தப்பா நெனைக்கலீன்னா… அவங்களுக்குக் காரம் ஆகுங்களா?”

“யாருக்குங்க?”

“உங்கக்காவுக்கு.”

சபரி கௌசிக்கைப் பார்த்தான். கௌசிக் சட்னியைப் பார்த்தான். இருபத்தொரு வருடம் ஒரே வீட்டில் ஒரே சோற்றுப் பானையில் தின்ற தம்பிக்கு அந்தத் தகவல் கிடைக்கவில்லை. “முட்டை சாப்புடுவாங்க” என்றான் கடைசியில். நாமக்கல்லில் அது ஒரு தகவலே அல்ல.

“அப்ப காரத்தைத் தனியாக் கட்டிருங்கக்கா” என்றான் இளஞ்செழியன் அமுதவல்லியிடம். “தட்டுவடை தனி, துருவல் தனி, சிவப்பு தனி, பச்சை தனி. நமுக்காமப் போகணும்.” கட்டி முடித்ததும் பையைச் சபரியிடம் கொடுத்தான். “அவங்ககிட்டக் குடுத்துருங்க.”

வேலை முடிந்தது. மூன்று சாம்பிள், ஒரே ரிசல்ட். சந்தோஷமாகக் கிளம்பினார்கள்.

சீலநாயக்கன்பட்டியில் போக்குவரத்து நின்றது. முன்னால் ஆழ்துளைக் கிணறு போடுகிற ஒரு ரிக் லாரி, அதற்கு முன்னால் இன்னொரு ரிக் லாரி. அரைமணி நேரம் ஒரு சக்கரமும் உருளவில்லை. பை கௌசிக்கின் மடியில் இருந்தது. பூண்டு வாசம் அவனிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது.

“மாப்ள, இது நமுத்துப் போயிருக்குமோ?”

“தனித்தனியாத்தானே கட்டியிருக்குது?”

“இருந்தாலும், கெட்டுப்போனதைக் கொண்டுபோயிக் குடுத்தா யாரு பேரு கெடும்? மாப்பிள்ளை பேரு. ஒண்ணு எடுத்துப் பாத்துரலாம். சாம்பிளு.”

ஒன்று எடுத்துப் பார்த்தார்கள். மொறுமொறுவென்று இருந்தது. ஆனால் அது மேலே இருந்தது. மேலே இருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று காலையில்தான் சௌந்தர்யா படித்துப் படித்துச் சொல்லியனுப்பியிருந்தாள். நடுவில் ஒன்று எடுத்தார்கள். அடியில் ஒன்று எடுத்தார்கள். சபரிக்கும் தனியாக மூன்று சாம்பிள் தேவைப்பட்டது. ஒருவர் முடிவை இன்னொருவர் சரிபார்ப்பதுதான் முறை.

நெரிசல் விலகி வண்டி மல்லூரைத் தாண்டியபோது பாதிப் பைதான் இருந்தது.

“பாதியக் கொண்டுபோயிக் குடுத்தா, மீதிப் பாதி எங்கன்னு கேப்பாளேடா” என்றான் சபரி கலவரமாக.

கௌசிக் இதைப் பொறியியல் மாணவனாக அணுகினான். “பாதி இருந்தாத்தான் பாதி தின்னது தெரியும். ஒண்ணுமே இல்லைன்னா பார்சலே இல்ல. இல்லாத பார்சலை யாரும் கேக்க முடியாது.”

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருக்கலாம். ஆனால் அதைத் தேடுகிற வயிறு அப்போது வண்டியில் யாரிடமும் இல்லை. ஆண்டகளூர் கேட் வருவதற்குள் தட்டுவடை, துருவல், சிவப்புச் சட்னி எல்லாம் தீர்ந்தன. பச்சைச் சட்னிப் பொட்டலம் மட்டும் மிஞ்சியது. அமுதவல்லி நூலில் போட்டிருந்த முடிச்சைக் கௌசிக்கால் அவிழ்க்க முடியவில்லை. பல்லாலும் முயன்று பார்த்தான்.

வீடு சேரும்போது ஆறே முக்கால். சின்னண்ணன் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாப்பாயி அவித்த முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தார். சௌந்தர்யா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சபரி ரிப்போர்ட் கொடுத்தான். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகக் கொடுத்தான். பூபதி, கறுப்புக் கவர், சீட்டு, மாடிப்படி, பூண்டு வாசம் எல்லாம். பாப்பாயி வாய்விட்டுச் சிரித்தார். சௌந்தர்யாவின் கட்டிய கை மெல்ல இறங்கியது.

“நேர்லயே பாத்துட்டீங்களா? பாத்தும் அந்தாளு எனக்கு ஒண்ணும் குடுத்து உடலியா?”

“இல்லீங்க்கா” என்றார்கள் இருவரும், ஒரே குரலில், தேவைக்கு மேல் வேகமாக.

சௌந்தர்யாவின் முகம் வாடியது. அப்பாவின் பக்கம் திரும்பினாள். “அப்ப அதுவும் அந்த வகைதான். அப்பா அம்மாவுக்கு வாங்கறது பெத்த கடனுக்கு. வரப்போறவளுக்கு வாங்கணும்னு தோணலை. அப்பா, இன்னொரு நாள்னு சொல்லிருங்க.”

சின்னண்ணன் போனை எடுத்தார். தன்னால் ஒரு கல்யாணம் நின்றுகொண்டிருப்பதை கௌசிக் பார்த்தான். வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் மாப்பிள்ளை போவான். போன் அடிக்கும் சத்தம் வெளியே கேட்டது.

“ஒரு நிமிசம்” என்றாள் சௌந்தர்யா திடீரென்று. மூக்கு லேசாக விடைத்திருந்தது. “சபரி, கையக் காட்டு.”

சபரி கையைப் பின்னால் கட்டினான். கௌசிக் இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டான். அங்கே பச்சைச் சட்னிப் பொட்டலம் இருந்தது.

இருபது வருட அனுபவமுள்ள மூக்கு. தம்பியின் கையை இழுத்து ஒரே ஒரு முறை மோந்தாள். “தட்டுவடை. கடையில நின்னு தின்னா இந்நேரத்துக்குக் காஞ்சிருக்கும். இது வண்டிக்குள்ள தின்னது. கௌசிக்கு, பையில என்ன?”

கௌசிக் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். பிறகு நடந்ததைச் சொன்னான். சாம்பிள் முறையைச் சொல்லும்போது அவள் கண்ணைப் பார்க்காமல் இருப்பது நல்லது என்று தோன்றியதால் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னான்.

“மொத்தத்தையுமா?”

“முடிச்சு அவுரலீங்க்கா. இல்லீன்னா அதையும்…” உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சின்னண்ணனின் போனில், “அலோ, அலோ, அர்த்தநாரி பேசறனுங்க” என்று மாப்பிள்ளையின் அப்பா குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. சின்னண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு மகளைப் பார்த்தார்.

சௌந்தர்யா பொட்டலத்தைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “பச்சை மட்டும் ஏன் தனியாக் கட்டியிருக்குது?”

“உங்களுக்குக் காரம் ஆகுமான்னு கேட்டாருங்க. இவனுக்குத் தெரியல. அதான் எல்லாத்தையும் தனித்தனியாக் கட்டச் சொன்னாரு.”

“அவரு கேட்டாரா?”

“ஆமாங்க்கா. கெளம்பறதுக்கு முன்னாடி.”

அவள் நூலின் ஒரு நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்தது. அம்மா உரித்து வைத்திருந்த முட்டையொன்றை இரண்டாகப் பிட்டு, பச்சைச் சட்னியில் தாராளமாகத் தோய்த்து, ஒரு பாதியை வாயில் போட்டாள். மறு பாதியை அம்மாவின் கையில் கொடுத்தாள். கண்ணில் நீர் முட்டியது. காரம் அப்படி.

“வாங்கன்னு சொல்லிருங்கப்பா.”

சின்னண்ணன் போனில் “வாங்க, வாங்க, கட்டாயம் வாங்க” என்று மூன்று முறை சொன்னார். வைத்துவிட்டு, மனைவி மென்று முடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அவர் விவரிக்க ஆரம்பிக்கும் இடம் இது. ஆனால் இன்றைக்குத் தின்றவர் அவர் இல்லை.

“பாப்பாயி” என்றார் கடைசியில். “உனக்குக் காரம் ஆகுமா?”

பாப்பாயி விரலில் ஒட்டியிருந்த சட்னியையும் நக்கினார். “நல்லாவே ஆகுமுங்க” என்றார். “கடை எத்தனை மணி வரைக்கும் இருக்கும் கௌசிக்கு?”

“ஒம்பது வரைக்குமுங்க.”

பாப்பாயி போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். சின்னண்ணன் காரின் துணியை ஒரு நொடி பார்த்தார். நாளைக்கு விருந்தாளிகள் கண்ணில் படவேண்டிய கார். சௌந்தர்யா அதற்குள் தம்பியிடமிருந்து குட்டியானையின் சாவியைப் பிடுங்கியிருந்தாள்.

“நான் ஓட்டறங்க்கா” என்றான் சபரி.

“நீ ஓட்டுனா கடையச் சாத்திட்டு அவிய தூங்கியே போயிருவாங்க. ஏறு பின்னாடி.”

முன்னால் அக்காவும் அம்மாவும். பின்னால், அடுக்கி வைத்த காலி அட்டைகளுக்கு நடுவே, சின்னண்ணன், சபரி, கௌசிக். வண்டி கேட்டைத் தாண்டியதும் பறந்தது. கௌசிக் பட்டியலை எடுத்து, அம்மாபேட்டைக்கு எதிரே ‘இரண்டாம் முறை’ என்று எழுத முயன்றுகொண்டிருந்தான்.

முட்டைகளை ஏன் அவ்வளவு மெதுவாகக் கொண்டுபோகிறார்கள் என்பது அவனுக்கு முதல் வேகத்தடையிலேயே விளங்கிவிட்டது.